பன்னீர்ச் செம்பும் பதினாறு முதுகுகளும்

ஐயா, அம்மா, வணக்கம்.

முட்டை வடிவப் பந்தை ஒரு முறையேனும் கையால் தொடாமல், ரக்பி என்னும் ஆட்டத்தை அடி முதல் நுனி வரை அறிந்த மனிதர் இப்பூவுலகில் ஒருவரே வாழ்ந்தார். அவர் காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருந்தார். இது மிகையென்று தங்களுக்குத் தோன்றுமாயின், கட்டுரையைக் கடைசி வரை வாசித்த பின்னர் அவ்வாறு சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் மூன்று சொற்களால் ஆனது; அழகானது. அது குடும்ப அட்டையில் இருந்தது, தெருவில் இல்லை. தெரு அவரை ‘ரக்பி பாய்’ என்றே அழைத்தது. ‘ரக்பி பாய், காரைக்குடி’ என்று மட்டும் எழுதிய கல்யாணப் பத்திரிகைகள்கூட ஒரு நாளும் வழிதவறியதில்லை.

அந்த ஆட்டம் எத்தகையதென்று அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்புறமாக எறியக் கூடாது. இடையிடையே இரு தரப்பிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, இரண்டு காளைகள் முட்டுவதைப் போல எதிரெதிரே நின்று தள்ளுவார்கள். அதற்கு ‘ஸ்க்ரம்’ என்று பெயர். என் அறிவு இவ்வளவே. இதுவும் பாய் கொடுத்தது.

பாய் இதைக் கற்ற இடம் துபாய். கற்ற முறை சலவை. ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் வார விடுமுறையில் ஆடிய ஒரு மைதானத்தின் பின்புறம், அவர்களுடைய சட்டைகளைத் துவைக்கும் வேலையில் அவர் பல ஆண்டுகள் இருந்தார். ஆட்டம் நடக்கும் நேரத்தில் அவருக்கு உள்ளே வேலை. ஆட்டம் முடிந்ததும் அழுக்கு மூட்டை வந்து சேரும். ஆகவே ஆட்டத்தைக் கண்ணால் காணாமல், துணியில் படித்தார்.

“சட்டைய விரிச்சா எல்லாம் தெரிஞ்சுரும்ணே. நெஞ்சுல மண்ணு இருந்தா அவன் தள்ளுனவன். முதுகுல மண்ணு இருந்தா அவன் தள்ளுப்பட்டவன். ரெண்டு பக்கமும் இருந்தா ரோசக்காரன், விழுந்து எந்திரிச்சு மறுபடி போயிருக்கான்.”

“எங்கேயும் மண் இல்லாவிட்டால்?” என்று நான் கேட்டேன்.

“அவன்தான் கேப்டனோட மச்சினன்.”

மூட்டையை அவிழ்த்து, யார் வென்றார்கள் என்பதை அவர் சொல்லாத நாளே இல்லையாம். பின்னாளில் கைப்பேசியில் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கிய பின்னரும், திரையில் காட்டும் கணக்கை அவர் நம்பியதில்லை. ஆட்டக்காரர்கள் திரும்பி நடக்கும்போது முதுகுகளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்.

ஆட்டங்களை அவர் மறுநாள் காலையில், தொழுகையும் தேநீரும் முடிந்த பிறகு, கடையில் அமர்ந்தே பார்ப்பார். அதற்குள் முடிவு காதில் விழுந்துவிடக் கூடாது என்பது அவருடைய பெருங்கவலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, எதிர்ப்படுபவர்களைக் கையசைத்து விலக்கிக்கொண்டு, கடைக்கு விரைந்து நடப்பார். காரைக்குடியில் எவருக்குமே தெரியாத ஒரு முடிவை எவரும் சொல்லிவிடக் கூடாதென்பதற்காக இத்தனை பாதுகாப்பு. ஒரு முறை இறைச்சிக் கடைக்காரர், “பாய், கறி ரெடி” என்று கூவ, உதட்டசைவை மட்டும் கண்ட நம்மவர் கண்களையும் மூடிக்கொண்டு ஓடி, நின்றிருந்த ஆட்டோவில் மோதினார்.

நான் அக்காலத்தில் டவுன் பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் டைம் கீப்பராக இருந்தேன். கோட்டையூர் வழி, கண்டனூர் வழி என்று வண்டிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் டைம் ஷீட் போடுவது என் பணி. எங்கள் நட்பு தொடங்கியது அந்த டைம் ஷீட்டிலேதான். அதற்கு முன்னர், அவருடைய கடை எப்படிப்பட்டதென்று சொல்லியாக வேண்டும்.

நாடுகளுக்கிடையிலான பகைகளை அவர் உறவுமுறையாக வகுத்து வைத்திருந்தார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பங்காளிகள். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அடுத்தடுத்த வயல்காரர்கள். நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் சம்பந்திகள்: “மரியாதையும் குறைய மாட்டாக, விட்டுக்குடுக்கவும் மாட்டாக.” வேல்ஸ் நாட்டைப் பற்றிக் கேட்டால் முகம் வாடிவிடும். “நல்லாப் பாடுவாக. குடும்பந்தான் இப்பச் செத்த நொடிச்சுப்போச்சு” என்பார்.

ஒரு நாள், மாளிகைகளைப் பார்க்க வந்த சுற்றுலாக் கூட்டம் ஒன்றில், ஓர் ஆங்கிலேயத் தம்பதியும் ஒரு ஸ்காட்லாந்துத் தம்பதியும் சேர்ந்தே அவர் கடைக்குள் நுழைந்தனர். எந்த ஊரென்று விசாரித்தறிந்த பாய் பதறிப்போனார். அவர்களை ஒரே பெஞ்சில் அமர விடவில்லை. கடையின் இரு மூலைகளிலும் நாற்காலி போட்டு, நடுவில் தாம் நின்றுகொண்டு, இரு தரப்புக்கும் ஒரே அளவு தேநீர், ஒரே நேரத்தில் கொடுத்தார். அந்த நால்வரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதும், ஒன்றாகவே புறப்பட்டு வந்தவர்கள் என்பதும் வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்தது. பாய் நம்பவில்லை. “வெளியில அப்படித்தாண்ணே காட்டிக்குவாக. பங்காளிகள்ல” என்றார்.

கடையில் பாரம் தூக்குவதும் ரக்பி முறைப்படியே நடந்தது. கோட்டையூர் மாளிகை ஒன்றிலிருந்து, யானைக்கன்று பருமனுள்ள இரும்புப் பெட்டகம் ஒன்று வந்திறங்கியது. நான்கு சுமைதூக்குவோர் அசைத்தும் அது அசையவில்லை. பாய் மேலும் நால்வரை வரவழைத்தார். மூவர் முன்னே, இருவர் நடுவே, மூவர் பின்னே என்று தோள் கோக்கச் செய்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலை எடுத்து ஊதினார்.

“குனி… பிடி… தள்ளு!”

பெட்டகம் நகர்ந்தது. மிக நன்றாகவே நகர்ந்தது. கடைக்குள் அதற்கென ஒதுக்கிய இடத்தைத் தாண்டியது, பின்சுவரைத் தாண்டியது, அடுத்திருந்த தையற்கடைக்குள், அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளைக்கு எதிரே போய் நின்றது. தள்ளத் தெரிந்த அளவுக்கு நிறுத்தச் சொல்லும் முறை பாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தச் சுவரை அவர் பின்னர் கட்டிக்கொடுத்தார். பெட்டகம் தையற்கடையிலேயே துணி வைக்கப் பயன்பட்டது. அதைத் திரும்பத் தள்ள ஒருவரும் முன்வரவில்லை.

இனி டைம் ஷீட்.

ஒரு பிற்பகல், தாள்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாய் என் அலுவலறைக்கு வந்தார். முகத்தில் துக்கவீட்டுக் களை.

“அண்ணே, இந்த அநியாயத்தக் கேளுங்க. இந்தச் சனிக்கிழம ஒருத்தன் கிளப்புக்கு ஆடுறான். அடுத்த சனி நாட்டுக்கு ஆடுறான். மறு சனி திரும்பக் கிளப்பு. கோடையில பூமிக்கு அங்குட்டுப் போயி ஆடுறான். மழைக் காலத்துல அங்குட்டு உள்ளவன் இங்குட்டு வந்து ஆடுறான். இது போக நாலு வருசத்துக்கொருக்க உலகக் கோப்பை. எப்பண்ணே உடம்பு ஆறும்? தோளு எறங்கிப்போயிக் கெடக்கான்க. மூளையில அடி வாங்கி வீட்டு வழி தெரியாம நிக்கிறான்க. நீங்க உங்க டிரைவருக்கு இப்படி வண்டி குடுப்பீகளா?”

நான் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஐயா, நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். ஆயினும் ஒரு டைம் ஷீட்டின் நோயை என்னால் நாடி பிடித்தறிய முடியும். அது டைம் ஷீட்டே அல்ல. ஒரே வண்டியை ஒரே நேரத்தில் இரண்டு வழித்தடங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஸ்பேர் ஆள் இல்லை. வார ஓய்வு இல்லை. எங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு தாளை நான் போட்டிருந்தால், ஓட்டுநர்கள் என்னையே வண்டிக்கு முன்னால் நிறுத்தியிருப்பார்கள்.

“போட்டுடலாம் பாய்” என்றேன்.

மூன்று ஞாயிறுகள் அமர்ந்து போட்டோம். நாடுகளை வண்டிகளாகவும், ஆட்டங்களை டிரிப்புகளாகவும் வைத்துக்கொண்டேன். ஓய்வு நாட்களை ஒதுக்குவதில்தான் சிறிது தாராளம் காட்டிவிட்டோம். நோன்பு மாதம் முழுவதும் ஆட்டம் கூடாதென்று பாய் கேட்டார்; ஒப்புக்கொண்டேன். அப்படியானால் மார்கழியும் கூடாதென்று நான் கேட்டேன், ஒப்புக்கொண்டார். ஆடியில் நல்ல காரியம் எதுவும் நம் பக்கம் நடப்பதில்லை என்று அவரே நினைவூட்டினார். பங்குனியில் திருவிழா. ஐப்பசியில் மழை. அறுவடைக்குப் பத்து நாள். இவ்வாறு கழித்துக்கொண்டே வந்ததில், உலக ரக்பிக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதம் எஞ்சியது.

“போதும்ணே. இருக்குறத ஒழுங்கா ஆடட்டும்” என்று பாய் கையெழுத்திட்டார். நானும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி ஒப்பமிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு முகப்புக் கடிதம் எழுதுவித்து, அந்த ஆட்டத்தை நடத்தும் வெளிநாட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பதில் வந்தது, ஐயா! இரண்டு வரிகள். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தங்கள் கருத்து உரியவர்களின் பார்வைக்கு வைக்கப்படும்’ என்பது அதன் பொருள். பாய் அதைப் பர்மாத் தேக்குச் சட்டத்தில் கண்ணாடியிட்டுக் கடை நடுவில் மாட்டினார். பிறகு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், கடையிலிருந்த அத்தனை ஊஞ்சற்பலகைகளையும் பெல்ஜியம் கண்ணாடிகளையும் விட்டுவிட்டு, அந்தச் சட்டத்தைத்தான் விலை கேட்டார். பாய் கொடுக்கவில்லை.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதிக்கொள்வது ஒரு வெள்ளிக் கோப்பைக்காக. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் பாயின் குரல் தணிந்துவிடும். அந்நாளில் நம் நாட்டில், கல்கத்தாவில், இந்த ஆட்டத்தை ஆடிய ஒரு வெள்ளையர் சங்கம் கலைந்தபோது, கையிருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்து அனுப்பிய கோப்பை அது. மூன்று நாகங்கள் கைப்பிடி; மூடியின்மேல் ஒரு யானை. பிற்காலத்தில் ஆட்டக்காரர்கள் சிலர் குதூகலத்தில் அதைத் தெருவில் உருட்டி நசுக்கியும்விட்டார்கள்.

“நம்ம ஊரு வெள்ளிண்ணே. நாகத்தோட மூக்கு நசுங்கிப்போச்சாம்” என்று சொல்லும்போது, தம் வீட்டுப் பிள்ளைக்கு அடிபட்டவரைப் போல அவர் மூக்கைத் தடவிக்கொள்வார்.

இந்தக் கோப்பைக்கும் கண்டனூருக்கும் தொடர்பு ஏற்பட்ட வரலாறே நான் சொல்ல வந்தது.

கண்டனூரில் இரண்டு பங்காளிகள். மூத்தவர் வள்ளியப்பன், பெரியப்பா மகன். இளையவர் சொக்கலிங்கம், சித்தப்பா மகன். பொதுவில் ஒரு மாளிகை. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறப்பார்கள். படைப்பென்பது முன்னோர்க்குப் பங்காளிகள் அனைவரும் கூடிச் செய்யும் வழிபாடு. இருவருக்கும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சில்லை. காரணம் ஒரு கதவா, ஒரு சாவியா என்பதில் ஊரில் இரு கட்சிகள் உண்டு.

அவர்கள் இருவரும் ஒரு நாள் பாயின் கடைக்கு வந்தனர். இடையில் துணிப்பையைச் சுமந்தபடி மூத்தவரின் மனைவி மீனாள் ஆச்சி. நானும் அன்று கடையில் இருந்தேன். பையிலிருந்து வெளிப்பட்டது ஒரு வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. கல்யாணத்தில் வருவோர்மீது பன்னீர் தெளிப்பது. ஆனால் சாதாரணச் செம்பன்று. முழங்கால் உயரம். கழுத்தைச் சுற்றிக் கொடி. உச்சியில் ஒரு மயில். பாட்டனார் பர்மாவில் செய்வித்தது. அக்குடும்பத்தின் எல்லாக் கல்யாணங்களிலும் அது வாசலில் நின்றிருக்கிறது.

பங்காளிகள் இருவரும் ஒரே பெஞ்சில், தோள் உரசும் அண்மையில், எதிரெதிர்த் திசைகளைப் பார்த்து அமர்ந்தனர்.

“பாய், பக்கத்துல இருக்கவருகிட்டச் சொல்லுங்க. செம்பு பொதுச் சொத்து. என் மக கல்யாணம் வருது. அது என் வீட்டுலதான் இருக்கணும்” என்றார் மூத்தவர்.

“பாய், அவருகிட்டச் சொல்லுங்க. எங்க அப்பச்சிதான் கடைசி வரைக்கும் இதப் பாத்துக்கிட்டாக. எங்க வீட்டுலதான் இருக்கும்” என்று தம் தந்தையைச் சாட்சிக்கு இழுத்தார் இளையவர்.

“ரெண்டு பேரு சொன்னதும் ரெண்டு பேருக்கும் கேட்டுச்சுங்கய்யா” என்றார் பாய்.

“அப்ப முடிவையும் கேட்டுக்கங்க. உருக்கி ஆளுக்குப் பாதி. நல்ல ஆசாரியா நீங்க சொல்லுங்க” என்றார் மூத்தவர். இளையவர் வாய் திறவாமல் தலையசைத்தார். பதினோரு ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவே.

பாய் செம்பைக் கையில் எடுத்தார். மயிலின் கொண்டையைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“அய்யா, அங்க வெள்ளைக்காரன் ரூவாய உருக்கிக் கோப்பை செஞ்சான். நீங்க கோப்பைய உருக்கி ரூவா பாக்கப் போறீகளே!”

கோப்பையின் கதை முழுவதையும் சொன்னார். நாகம், யானை, நசுங்கிய மூக்கு, ஒன்றையும் விடவில்லை. மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாங்க என்ன வெள்ளைக்காரனா பாய்?”

“அவுகளும் பங்காளிதாங்கய்யா. நூத்தம்பது வருசமாச் சண்ட. ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. ஆனா கோப்பைய உருக்குவோம்னு ஒருத்தன் வாயத் தொறந்தானா? வருசா வருசம் முட்டிக்கிறாக, ஜெயிச்சவுக வச்சுக்கிறாக. அதனாலதான் அது இருக்கு.” கடையைச் சுற்றிக் கையை வீசினார். “இங்குட்டுப் பாருங்க. இந்தத் தூணு, இந்தக் கதவு, இந்த ஊஞ்சப் பலக. எல்லாம் பங்காளிச் சண்ட முடிஞ்ச வீட்டுலேருந்து வந்த சாமான். சண்ட முடிஞ்சாத்தான்யா எனக்கு யாவாரம். சண்ட நடக்குற வரைக்கும் சாமான் வீட்டுலயே இருக்கும். ஒரு யாவாரி வாயால இதச் சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். சண்டய நிறுத்திப்புடாதீக!”

பஞ்சாயத்துப் பேச வந்த மனிதர் சண்டையை நிறுத்தாதீர்கள் என்று கைகூப்பியதை நான் அன்றுதான் கண்டேன்.

ஆச்சிதான் முடித்து வைத்தார். “எம் மக கல்யாணத்துக்குப் பாதிச் செம்புல பாதி ஆளுக்கா பன்னீர் தெளிக்கிறது? பாய் சொல்றதக் கேளுங்க. முட்டிக்கங்க. இத்தன வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்ததுக்கு, முட்டிக்கிறது எவ்வளவோ மேலு.”

ஒப்பந்தம் உருவாயிற்று. மூன்று ஆண்டுகள் பங்காளிகள் எட்டெட்டுப் பேராக ஒரு ஸ்க்ரம் தள்ள வேண்டும். வென்றவர் வீட்டில் ஓராண்டு செம்பு இருக்கும். ஆனால் எவர் வீட்டுக் கல்யாணமானாலும் வென்றவர் அதைத் தம் கையாலேயே கொண்டுவந்து, தாமே வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வேண்டும். மூன்றாண்டு முடிந்தும் உருக்கத் தோன்றினால் உருக்கலாம். அதுவரை அந்தச் செம்பை வாங்குவதில்லையென்று தெருவின் பழம்பொருள் கடைக்காரர் அனைவரிடமும் பாய் வாக்கு வாங்கினார்.

நாள் குறிக்கும் பணி என்னிடம் வந்தது. ஐயா, உலக ரக்பியே தேவலாம். ஒருவர் பெங்களூரு, ஒருவர் சிங்கப்பூர், ஒருவருக்கு வங்கித் தணிக்கை, ஒருவருக்குப் பேத்தி பரீட்சை. வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்தங்கள் நெருக்கியடித்தன. எல்லாப் பங்காளிகளும் ஊரில் இருக்கும் ஒரே நாள் படைப்பு நாள்தான். அன்று பகலுணவுக்கு முன் என்று எழுதினேன். உணவுக்குப் பின் என்றால் ஒருவராலும் குனிய முடியாது.

புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. இளையவர் தம் மாப்பிள்ளைகள் நால்வரையும் அணியில் சேர்த்தார். நால்வரும் தூண்களைப் போன்றவர்கள்.

“மாப்பிள்ளை எப்படிப் பங்காளி ஆவான்? வேற கோயில்க்காரன்!” என்று, ஒரே கோயிலாரே பங்காளிகள் என்னும் முறையைக் காட்டி, மூத்தவர் பாயிடம் முறையிட்டார்.

பாய் கண்களை மூடி யோசித்தார். “அங்கயும் இதே வழக்கு இருக்குங்கய்யா. வேற நாட்டுல பொறந்தவன் ஒரு நாட்டுல அஞ்சு வருசம் தொடர்ந்து இருந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம். அதனால, மாமனார் வீட்டுல அஞ்சு தீவாளி சாப்புட்டவரு ஆடலாம்.”

மூவர் தேறினர். நான்காமவருக்கு நான்கு தீபாவளிகளே ஆகியிருந்தன. அவர் ஓரமாக நின்று துண்டுகளைப் பிடித்துக்கொண்டார்.

படைப்பு நாளும் வந்தது. மாளிகையை ஒட்டிய பொட்டலில், முந்தைய நாள் பெய்த தூறலில் மண் சற்றே நெகிழ்ந்திருந்தது. பதினாறு பேரும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெள்ளை பனியனுடன் நின்றனர். மூத்தவர் அணியில் ஒரு பல் மருத்துவர். தோள் கோப்பதற்கு முன்னர் எதிரணியின் முன்வரிசையைப் பார்த்து, “யாரும் கடிக்கக் கூடாது, எனக்கு லீவு” என்றார். சலவைச் சட்டையணிந்த பாய் விசிலை உதட்டில் வைத்தார்.

“குனி…”

குனிந்தனர். பதினோரு ஆண்டுகளாக நேருக்கு நேர் பார்க்காத இரு முகங்கள் ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிரே வந்து நின்றன.

“பிடி…”

இளையவரின் கை மூத்தவரின் பனியனைப் பற்றிற்று. ஆட்ட விதி அப்படி.

“தள்ளு!”

அதன்பின் நடந்ததை ஒழுங்காக விவரிக்க என்னால் இயலவில்லை. ஒரு முனகல், ஒரு பெரும் சறுக்கல், “யாருடா என் காதப் புடிச்சது” என்றொரு குரல், பின்னர் பதினாறு பேரும் ஒரே குவியலாகக் கிடந்தனர். எழுந்ததும் இரு தரப்பும் வென்றதாகக் கூவின.

பாய் கையை உயர்த்தினார். “எல்லாரும் வரிசையா நில்லுங்க. அங்குட்டுத் திரும்புங்க.”

பதினாறு முதுகுகளும் அவரை நோக்கின. வங்கி மேலாளர், பொறியாளர், மருத்துவர், மாப்பிள்ளை என்ற பேதமின்றி, ஒவ்வொரு முதுகின் முன்னும் நின்று, மண்ணை விரலால் தொட்டு, தேர்ந்த மருத்துவர் நாக்கைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு முன்பக்கம் திருப்பச் சொல்லி நெஞ்சுகளைப் பார்த்தார்.

“மூத்தவுக பக்கம் அஞ்சு முதுகு. இளையவுக பக்கம் மூணு. செம்பு இளையவுகளுக்கு.”

அந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. தம் முதுகைத் தாம் பார்க்க எவருக்கும் இயலாதல்லவா?

அடுத்த மாதம் மூத்தவர் மகளின் கல்யாணம். விதிப்படி இளையவர் செம்பைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். முகம் இறுகியிருந்தது. வந்தவர்க்கெல்லாம் அளவாகத் தெளித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சற்றுக் கூடுதலாக. பிறகு வெளியிலிருந்து வந்த மூத்தவர், தம் வீட்டுக்குள் நுழைய இளையவரைக் கடந்தாக வேண்டியதாயிற்று. இளையவர் செம்பை உயர்த்தினார். தெளித்தார். நிறுத்தவில்லை. நெற்றி, கண்ணாடி, பட்டுச் சட்டை என்று செம்பின் பாதியும் மூத்தவர்மீதே இறங்கிற்று.

“போதும்டா!” என்றார் மூத்தவர்.

“பன்னீர்தானண்ணே” என்றார் இளையவர்.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்டது அந்த இரண்டு சொற்கள்தாம். பந்தலில் என் பக்கத்தில் நின்ற பாய், கழுத்து விசிலை எடுத்து, ஊதாமல், உதட்டில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லையென்று அப்போதும் சொன்னேன்; இப்போதும் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு மூத்தவர் வென்றார். மூன்றாம் ஆண்டு முதுகுகள் சமமாயின. ஒப்பந்தக் கெடு முடிந்ததால், உருக்குவதைப் பற்றிக் கேட்கப் பாய் கண்டனூர் சென்றார். துணைக்கு நானும் சென்றேன். பங்காளிகள் இருவரும் ஒருசேர அவர்மீது பாய்ந்தனர்.

“உருக்குறதா? இப்ப நிறுத்துனா இவன் ஜெயிச்சதா ஆயிரும்!”

“அண்ணன் போன வருசம் முழங்கால வச்சுத் தள்ளுனாக. அதுக்குப் பதில் சொல்லாம உருக்க விடுவேனா?”

திரும்பும் பேருந்தில் பாய் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தார். “சண்ட நல்லா வேர் புடிச்சுருச்சுண்ணே, மாஷா அல்லாஹ்” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு படைப்பிலும் தள்ளினார்கள். சென்ற ஐப்பசியில், மழை விடாத ஒரு பகலில், பாய் காலமானார். நல்லடக்கத்துக்குப் பங்காளிகள் இருவரும் ஒரே காரில் வந்திருந்தனர்.

தையில் படைப்பு வந்தது. வழக்கம்போல் நான் தாள் போட்டேன். ஓர் ஓட்டுநர் வராவிட்டால் ஸ்பேர் போடுவது என் தொழில். ‘நடுவர்’ என்ற இடத்துக்கு எதிரே மட்டும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. விசிலைப் பாயின் மகள் கொடுத்தனுப்பியிருந்தார். ஆச்சி அதை வாங்கி ஊதினார். குனிந்தார்கள், பிடித்தார்கள், தள்ளினார்கள், விழுந்தார்கள். எழுந்து, பழக்கத்தினால், பதினாறு பேரும் வரிசையாக நின்று முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

பார்ப்பதற்கு எவரும் வரவில்லை.

சிறிது நேரம் அப்படியே நின்றார்கள். மூத்தவர்தான் முதலில் திரும்பினார். “அவன் வீட்டுலயே இருக்கட்டும்” என்றார். “இல்லண்ணே, நீங்க கொண்டு போங்க” என்றார் இளையவர். “நான் ஜெயிக்கலடா.” “நானும் ஜெயிக்கல.” இதிலும் சண்டை வந்துவிட்டது. வெகுநேரம் வழக்காடிய பின், முடிவு தெரியும் வரை செம்பு பாயின் கடையிலேயே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்.

மாசியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்த வெள்ளிக் கோப்பைக்காக மோதின. முடிவை நான் கைப்பேசியில் பார்த்துவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயின் கடை வாசலைக் கடந்தேன். கடையில் மகள் இருந்தார். தேக்குச் சட்டத்துக்குக் கீழே செம்பு இருந்தது. ஏனென்றே விளங்காமல், வாயை இறுக மூடிக்கொண்டு, ஓசையெழாமல் நடந்து போனேன்.

ஐயா, அம்மா, அந்தச் செம்புக்குப் பத்திரம் ஏதும் இல்லை. நான் எழுதியிருக்கும் இதுவே உண்டு. பழம்பொருள் கடையில் இருப்பதால், என்றேனும் எவரேனும் அதை விலை கேட்கக்கூடும். அது விற்பனைக்கு அல்ல. ஆதலால் இக்கட்டுரையைக் கிழித்துவிடாமல், தயவுசெய்து பத்திரமாக எடுத்து வைத்திருங்கள்.